ஆளைப் பார்த்து வீட்டுக்கு விலை

1930களில் அமெரிக்க நகரங்களில் ஒரு வட்டாரத்தின் தலையெழுத்தைக் கணிப்பதற்கு, அங்கே வீட்டுக் கடன் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று தரம் போட்ட ஒரே ஒரு தாள் போதுமாக இருந்தது. அந்தத் தாள்களையும் கூடவே வரைந்த வண்ண வரைபடங்களையும் ரிச்மண்ட் பல்கலைக்கழகம் இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி போட்டிருக்கிறது. கொஞ்ச நாளாக ராத்திரி சாப்பிட்ட பிறகு நான் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கோலாலம்பூரில் ஒரு வேல்யூவர், அதாவது வீட்டுக்கு விலை மதிப்பிடுகிறவர், ஆபீஸில் வேலை எனக்கு. வங்கிக் கடனுக்காக வீடு வீடாகப் போய் அளந்து, படம் எடுத்து, ரிப்போர்ட் எழுதுவது. இந்தத் தாள்களை எழுதினவர்களும் என் தொழில்காரர்கள்தான். அதனால் ஒவ்வொன்றையும் படிக்கும்போது, எனக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்தவர் விட்டுப்போன ஃபைலைத் திறப்பது போல இருக்கிறது.

அந்தக் காலத்து வீட்டுக் கடன் எப்படி இருந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். இப்போது நாம் 30, 35 வருடத்துக்கு மாதா மாதம் கட்டுகிறோமே, அது அன்றைக்குக் கிடையாது. வீட்டு விலையில் பாதியை முன்பணமாக வைக்க வேண்டும், கடன் 3 வருடம், 5 வருடம், மிஞ்சினால் 10 வருடம், அதுவரைக்கும் பெரும்பாலும் வட்டி மட்டும் கட்டிவிட்டுக் கடைசியில் முழு அசலையும் ஒரே அடியாகக் கட்டணும். யாரிடம் அவ்வளவு பணம் இருக்கும்? தவணை முடியும்போது வங்கி கடனைப் புதுப்பித்துக் கொடுக்கும், அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. 1929இல் பங்குச் சந்தை விழுந்து, வங்கிகளும் வரிசையாக மூடிய பிறகு புதுப்பித்துக் கொடுக்க ஆளே இல்லை. 1933 வாக்கில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 வீடுகள் ஜப்திக்குப் போயின. அதே வருடங்களில்தான் இங்கே மலாயாவில் ரப்பர் விலை சரிந்து, தோட்டத்தில் வேலை இல்லை என்று நம் ஆட்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். ஒரே பொருளாதார மந்தம்தான், அங்கே வீடு போனது, இங்கே வேலையும் ஊரும் சேர்ந்தே போயின.

ரூஸ்வெல்ட் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவிக்கு வந்த கையோடு 1933 ஜூனில் ஹோம் ஓனர்ஸ் லோன் கார்ப்பரேஷன் என்று ஒரு அரசாங்க நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வங்கியிடம் மாட்டிக்கிடந்த கடனைக் கார்ப்பரேஷன் வாங்கிக்கொள்ளும், வீட்டுக்காரருக்கு 15 வருடக் கடனாக மாற்றிக் கொடுக்கும், வட்டி 5 சதவீதம், அசலும் வட்டியும் சேர்ந்த ஒரே அளவு மாதத் தவணை. மூன்று வருடத்தில் சுமார் 10 லட்சம் கடன்களை இப்படி மாற்றினார்கள். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. இன்றைக்கு நாம் கட்டும் மாதத் தவணைக்கு வழி போட்டவர்களில் இவர்களும் உண்டு, எத்தனையோ குடும்பம் தெருவுக்கு வராமல் தப்பித்தது இவர்களால்தான்.

அப்புறம்தான் அந்தக் கணக்கெடுப்பு. இவ்வளவு வீடுகளின் மேல் கடன் கொடுத்தாயிற்று, அந்த வீடுகள் இருக்கும் இடங்கள் இனி ஏறுமா இறங்குமா என்று தெரிந்துகொள்ள 1935இலிருந்து 1940 வரை 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு ஆள் அனுப்பினார்கள். உள்ளூர் ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டுகள், வங்கிக்காரர்கள், வேல்யூவர்கள் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசி, வட்டாரம் வட்டாரமாகத் தரம் போட்டார்கள். ஏ என்றால் பச்சை, பி என்றால் நீலம், சி என்றால் மஞ்சள், டி என்றால் சிவப்பு. பச்சையில் புது வீடுகள், வியாபாரிகளும் அதிகாரிகளும். நீலம் இன்னும் பரவாயில்லை. மஞ்சள் சரிந்துகொண்டிருக்கிறது. சிவப்பு ஆபத்து, பணம் போடாதே.

இப்போது அந்தப் படிவம். எனக்கு இதில்தான் கண் நின்றுபோகிறது. நிலத்தின் அமைப்பு, சாதகமானவை, பாதகமானவை என்று தொடங்குகிறது, அதுவரை நானும் எழுதுகிற மாதிரிதான். அடுத்து, கட்டடத்துக்கு வருவதற்கு முன்னாலேயே, குடியிருப்பவர்கள். என்ன தொழில், வருட வருமானம் எவ்வளவு, வெளிநாட்டில் பிறந்தவர்கள் எத்தனை சதவீதம், அதில் எந்த நாட்டுக்காரர்கள் அதிகம், கறுப்பினத்தவர் உண்டா, உண்டென்றால் எத்தனை சதவீதம், புதிதாக உள்ளே நுழைந்துகொண்டிருப்பவர்கள் யார், அரசாங்க நிவாரணத்தில் வாழும் குடும்பங்கள் எத்தனை. இதெல்லாம் முடிந்த பிறகுதான் வீடு பலகையா செங்கல்லா, எத்தனை வருடப் பழசு, பழுது பார்த்திருக்கிறார்களா என்று வருகிறது. முடிவு நெருங்கும்போது, இங்கே வீடு வாங்கக் கடன் கிடைக்கிறதா என்று ஒரு வரி. அடுத்த 10, 15 வருடத்தில் இந்த இடம் எப்படிப் போகும் என்று இன்னொரு வரி.

தொழிலாளிகள் இருக்கும் தெருக்களின் தாள்களை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் பிடிபடும். சாதகமானவை என்ற இடத்தில் தொழிற்சாலைக்குப் பக்கம், டிராம் வசதி உண்டு, கடை உண்டு, பள்ளிக்கூடம் உண்டு என்று அவர்களே எழுதுகிறார்கள். பாதகமானவையில் புகை, வாடை, பழைய வீடு, லாரி ஓடும் தெரு. தொழிற்சாலைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இருந்தால் அங்கே புகை வராமல் எங்கே வரும்? அந்தத் தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும், ஆள் இருக்க வீடு வேண்டும், ஆனால் அந்த வீட்டுக்குக் கடன் கொடுத்தால் ஆபத்து. தொழில் என்ற கட்டத்தில் கூலி வேலை என்று விழுந்த மாத்திரத்தில் தெரு மஞ்சளுக்கோ சிவப்புக்கோ போய்விடுகிறது. இத்தாலியர், போலந்துக்காரர், யூதர் என்று வெளிநாட்டில் பிறந்தவர்களின் சதவீதம் ஏறினால் தரம் இன்னும் இறங்குகிறது. சிவப்பில் வாழ்ந்தவர்களில் எண்ணிக்கையில் அதிகம் பேர் வெள்ளைக்காரர்கள்தான், ஏழை வெள்ளைக்காரர்கள். கறுப்பின மக்களோ நகரத்தில் எந்த மூலையில் இருந்தாலும், என்ன வீடு கட்டியிருந்தாலும், ஏறக்குறைய எல்லாருமே சிவப்புக்குள்.

செயின்ட் லூயிஸ் நகரத்தில் லிங்கன் டெரஸ் என்று ஒரு சின்ன இடம். நாலைந்து அறை கொண்ட தனி வீடுகள், அன்றைய கணக்குக்குப் புதுசு, நடுத்தர வெள்ளைக்காரர்களுக்கு என்று கட்டியவை. அவர்கள் வாங்க வரவில்லை, கறுப்பினக் குடும்பங்கள் வாங்கிக் குடிபுகுந்தன. கட்டடத்தில் குறை இல்லை. ஆனாலும் டி. கறுப்பர் கை ஓங்கிவிட்டதால் இந்த வீடுகளுக்கு இன்றைக்கு மதிப்பே இல்லை என்ற அர்த்தத்தில் காரணத்தையும் வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸில் பாயில் ஹைட்ஸ் இன்னொன்று, 1939இல் எழுதின தாள். யூதர், மெக்சிகர், ஜப்பானியர், ரஷ்யர், கறுப்பினத்தவர் எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர் பகுதி. கோலாலம்பூரில் நம் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் ஆட்களுக்கு இப்படி ஒரு தெருவைப் பற்றி விளக்கவே வேண்டியதில்லை. கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் சர்ச் பாட்டும் ஒரே காதில் விழுகிற தெரு. அதை அந்த வேல்யூவர், தேன்கூட்டில் அறை அறையாக நிறைந்திருப்பதைப் போலப் பலதரப்பட்ட, நாசகார இனங்கள் நிறைந்த இடம் என்று எழுதுகிறார். கேடான இனத்தவர் இல்லாத ஒரு பிளாக்காவது இங்கே இருக்குமா என்பதே சந்தேகம் என்கிறார். எல்லாரும் கலந்து வாழ்வதையே குறையாகப் போட்டு டி கொடுத்திருக்கிறார். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கெட்ட வார்த்தை கேட்டால் வரும் கோபம் சீக்கிரம் ஆறிவிடும். இது அப்படி இல்லை, ஆபீஸ் எழுத்தில், அளந்து, நிதானமாக, தன் வேலையைச் சரியாகச் செய்கிறோம் என்ற நம்பிக்கையில் எழுதினது.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்றால், படிப்பிலிருந்துதான் வந்தது. ஹோமர் ஹாய்ட் என்ற பொருளாதார அறிஞர் 1933இல் சிகாகோ நிலவிலையைப் பற்றிய ஆராய்ச்சியில், எந்த இனத்தவர் வந்தால் விலை ஏறும், எவர் வந்தால் இறங்கும் என்று ஒரு வரிசையே போட்டார். மேலே ஆங்கிலேயர், ஜெர்மானியர், ஸ்காட்லாந்துக்காரர், ஐரிஷ்காரர், ஸ்காண்டிநேவியர். அடியில் தென் இத்தாலியர், கறுப்பினத்தவர், கடைசியில் மெக்சிகர். ஒதுக்கித் தள்ளவேண்டிய பட்டியல் இது. ஆனால் அவர் ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன் (எஃப்எச்ஏ) என்ற அரசாங்க அமைப்பில் தலைமைப் பொருளாதார நிபுணராகப் போய் உட்கார்ந்தார்.

அந்த எஃப்எச்ஏ 1934இல் வந்தது. இதன் கை கார்ப்பரேஷனை விட நீளம். கடன் கொடுப்பது வங்கி, கடன் மூழ்கினால் ஈடு கொடுப்பது எஃப்எச்ஏ. ஆகவே எந்த வீட்டுக்கு எஃப்எச்ஏ சரி சொல்கிறதோ அந்த வீட்டுக்கு வங்கி சந்தோஷமாகக் கொடுக்கும், இல்லையென்றால் திரும்பிக்கூடப் பார்க்காது. அதன் கையேட்டில் ஒரு வட்டாரத்துக்கு மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. வட்டாரத்தின் பொருளாதார நிலைத்தன்மைக்கு 40 சதவீதம், பாதகமான தாக்கங்களிலிருந்து பாதுகாப்புக்கு 20 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் பாதிக்கு மேல் போய்விடுகிறது, போக்குவரத்துக்கே 10தான். பாதகமான தாக்கம் என்பதில் ஒத்துப்போகாத இனங்கள் வந்து சேர்வதும் அடக்கம். இன்ன இனத்தாருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிக்கொள்வதை அந்தக் கையேடு நல்ல பாதுகாப்பாகச் சொல்கிறது. டெட்ராய்ட்டில் 1941இல் ஒருவர் கறுப்பினக் குடியிருப்பை ஒட்டி வெள்ளைக்காரர்களுக்கு வீடு கட்டப் போனார், எஃப்எச்ஏ முடியாது என்றது, இரண்டுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு, அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பின பிறகு சரி என்றது. சுவர் இன்னும் நிற்கிறது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லணும். அந்தச் சிவப்பு வரைபடம்தான் எல்லாக் கெடுதலுக்கும் காரணம் என்று பல பேர் எழுதுகிறார்கள், அது அப்படியே சரியில்லை. கார்ப்பரேஷன் தன் கடன்களில் பெரும்பாலானவற்றை வரைபடம் வரைவதற்கு முன்னாலேயே கொடுத்து முடித்துவிட்டது, பிற்பாடு சிவப்பு பூசின இடங்களிலும், கறுப்பினக் குடும்பங்களுக்கும் கொடுத்திருக்கிறது. எஃப்எச்ஏவுக்குச் சொந்தமாக வரைபடங்கள் இருந்தன, அவை இன்று பெரும்பாலும் கிடைப்பதில்லை. கண்ணுக்குக் கிடைத்தது கார்ப்பரேஷனுடைய வண்ணப் படம்தான் என்பதால் முழுப் பழியும் அதன் தலையில் விழுந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் இதைப் பற்றி நீண்ட நாளாக வாதாடுகிறார்கள். என் கணக்கில் அந்தத் தாள்களின் முக்கியத்துவம் வேறு இடத்தில் இருக்கிறது. 200 ஊரில் இருந்த சாதாரண ஏஜென்ட், சாதாரண வங்கி மேனேஜர், சாதாரண வேல்யூவர், ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்கள், ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். குடியிருப்பவரை வீட்டில் உள்ள கோளாறாக எழுதியிருக்கிறார்கள், ஒழுகுகிற கூரையை எழுதுகிற அதே கட்டத்துக்குப் பக்கத்தில்.

இதை எழுதும்போது செந்தூலில் போன ஒரு வீடு ஞாபகம் வருகிறது. பழைய ஒற்றை மாடித் தொடர் வீடு, ரெயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்து ரிடையர் ஆனவர் வாங்கினது. பின்னால் சமையல்கட்டை இழுத்துக் கட்டியிருந்தார்கள், தகரக் கூரைக்குப் பதிலாக நல்ல கான்கிரீட், சிமெண்ட் தரையைத் தோண்டிவிட்டு மொசைக், ஜன்னல் கிராதிக்குப் புது பெயிண்ட். நான் டேப்பை எடுத்து ஹாலை அளக்க ஆரம்பித்தேன். வீட்டுக்கார ஆன்ட்டி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“சாமி ரூம் கதவ சாத்திடவாம்மா? விக்க வந்த ஏஜென்ட் சொன்னாரு, போட்டோவுல சாமி படமெல்லாம் தெரிஞ்சா வெல கொறையும்னு.”

“வேணாம் ஆன்ட்டி, என் ஃபாரத்துல அதுக்கு எடமே இல்ல. அப்படியே இருக்கட்டும்.”

அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. கதவை ஒருக்களித்துதான் வைத்தார். 40 வருடம் விளக்கேற்றின அறை, சுவரில் புகை படிந்து, முருகன் படத்துக்குக் கீழே ரெயில்வே சங்கத்துக் குரூப் போட்டோ. அந்த ஏஜென்ட் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, சந்தையில் எது விலைபோகும் என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருப்பார். 1939இல் பாயில் ஹைட்ஸ் தாளை எழுதினவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார், சந்தை அப்படி இருக்கிறது, நான் எழுதுகிறேன், அவ்வளவுதான் என்று.

ஆனால் எழுதினதோடு நிற்கவில்லையே. இந்த இடம் இனிச் சரியும் என்று எழுதினால் வங்கி கடன் கொடுக்காது, கடன் இல்லாமல் யாரும் வாங்க முடியாது, இருப்பவரும் கூரை மாற்ற, குழாய் மாற்ற ஒரு காசு கடன் வாங்க முடியாது. பத்து வருடத்தில் வீடு நிஜமாகவே பாழாகும், அடுத்து வரும் வேல்யூவர் பார்த்துவிட்டு, ஆமாம், சரிந்துவிட்டது என்று எழுதுவார். வீட்டுக்கு ஆசைப்பட்டவர்கள் வேறு வழியில் போனார்கள். சிகாகோவில் 1950களில், வங்கிக் கடன் கிடைக்காத கறுப்பினக் குடும்பங்களுக்கு இடைத்தரகர்கள் வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கி, இரண்டு மடங்குக்குத் தவணை ஒப்பந்தத்தில் விற்றார்கள். கடைசித் தவணை வரை பத்திரம் விற்றவர் பெயரில்தான், ஒரு மாதம் தவறினால் கட்டின பணமும் போச்சு, வீடும் போச்சு. அப்பா இரண்டு ஷிப்ட் பார்த்துக் கட்டுவார், அம்மாவும் வேலைக்குப் போவார், வீட்டைப் பழுதுபார்க்கக் கையில் மிச்சம் இருக்காது. 1968இல் நார்த் லான்டேல் பகுதி மக்கள் சங்கம் வைத்துத் தவணை கட்டமாட்டோம் என்று உட்கார்ந்தார்கள், நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களைத் திருத்தி எழுத வைத்தார்கள். அந்த வருடம்தான் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டமும் வந்தது. ஆனாலும் 2020இல் வந்த ஒரு ஆய்வு 108 அமெரிக்க நகரங்களின் வெப்பத்தை அளந்து பார்த்ததில், அன்றைக்குச் சிவப்பு பூசின இடங்கள் மற்ற இடங்களை விடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் சூடு அதிகம். மரம் நட யாரும் காசு போடவில்லை, நெடுஞ்சாலை மட்டும் அந்த வழியாகப் போனது. பாயில் ஹைட்ஸையும் நெடுஞ்சாலைகள் துண்டு துண்டாக வெட்டின.

நம் ஊருக்கு அந்த வரைபடம் வரவில்லை. இங்கே வெள்ளைக்காரன் வேறு மாதிரிப் பிரித்தான், வேலையை வைத்து ஆளைப் பிரித்து, ஆளை வைத்து இடத்தைப் பிரித்தான். தோட்டத்தில் லயம், ரெயில்வேயில் குவாட்டர்ஸ். என் அப்பா செந்தூல் குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், தாத்தா ரிடையர் ஆன மாதம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாடகை வீடு தேடிப் போனார்கள். வீடு தேடுவது இன்றைக்கும் அவ்வளவு சுலபமாகிவிடவில்லை, வாடகை விளம்பரங்களைத் திறந்தால் சீனர் மட்டும், இந்தியர் வேண்டாம் என்று கூச்சமே இல்லாமல் போட்டிருப்பதை கோலாலம்பூரில் வீடு தேடின ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் பார்த்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு அறை பிடித்தேன்.

என் படிவத்தில் இனம் இல்லை, மதம் இல்லை, வருமானம் இல்லை. நல்லதுதான். ஆனால் நான் விலை போடுவது எப்படி? அதே வட்டாரத்தில் சமீபத்தில் விற்ற மூன்று நாலு வீடுகளின் விலையை எடுத்து, அளவு, வயசு, மூலை வீடா, இழுத்துக் கட்டியிருக்கிறார்களா, நிலம் நிரந்தர உரிமையா குத்தகையா என்று கூட்டிக் கழித்து ஒரு எண்ணுக்கு வருகிறேன். அந்த மூன்று வீடும் ஏன் அந்த விலைக்குப் போயின என்று படிவம் கேட்காது. இந்தத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, வேண்டாம் என்று யாரெல்லாம் வராமல் போனார்கள், ஏஜென்ட் யாருக்கெல்லாம் காட்டவே இல்லை, எவர் சாமி ரூம் கதவைச் சாத்திவிட்டு விற்றார், அதெல்லாம் அந்த விலைக்குள்ளேயே கரைந்து கிடக்கிறது. நான் அதை எடுத்து அடுத்த வீட்டின் தலையில் வைக்கிறேன், கடன் அந்த எண்ணை வைத்துத்தான் வருகிறது. எண் 20,000 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தால் அந்த 20,000ஐயும் வாங்குகிறவர் கையிலிருந்து போடணும், அது இல்லாததால் கைவிட்டுப்போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் இப்போதெல்லாம் செந்தூல் பக்கம் ரிப்போர்ட் எழுதும்போது ஒப்பிடுகிற வீடுகளை ஒரே வரிசைக்குள் தேடுவதோடு நிறுத்துவதில்லை. பெரிய ரோட்டைத் தாண்டி, அதே வருடம் கட்டின, அதே அளவு, எல்ஆர்டி ரயில் நிலையத்துக்கு அதே தூரம் உள்ள தாமானில் விற்ற விலையையும் சேர்த்துப் போடுகிறேன், ஏன் சேர்த்தேன் என்று கீழே இரண்டு வரி காரணமும் எழுதுகிறேன். மேலதிகாரி சில சமயம் ஏற்றுக்கொள்கிறார். சில சமயம், அது வேற மார்க்கெட் என்று சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்புகிறார். வேறு மார்க்கெட் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், சுவரை வைத்தா, கூரையை வைத்தா, தூரத்தை வைத்தா என்று நான் போய்க் கேட்கிறேன்.